லைட்டு பத்தலை

நான் ஒரு கம்பியை ரிஜெக்ட் செய்துவிட்டால் செய்ததுதான். அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஓசூர் சிப்காட்டில் இருக்கும் எங்கள் கம்பெனியில், இருசக்கர வண்டிகளின் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பி செய்கிறோம். கண்ணாடி வேறு யாரோ செய்கிறார்கள், கம்பி மட்டும் நாங்கள். வளைத்து, குரோமியம் பூசி, கடைசியில் என் மேஜைக்கு வரும். நான் கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் தொங்கும் டியூப் லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். நன்றாக இருந்தால் பச்சை மையில் 14 என்று என் நம்பரை முத்திரை குத்துவேன். கீறலோ புள்ளியோ இருந்தால் சிவப்புத் தொட்டியில் போடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அந்த ஷெட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க ஸ்டூல் கொடுக்கப்பட்ட ஒரே ஆள் ஆனந்தராஜ் ஆகிய நான்தான். அந்த ஸ்டூலால் எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம் அச்சு ஒரு நூல் கோணலாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். உத்தனப்பள்ளியில் மச்சான் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, எல்லாரும் சாப்பாட்டைப் பார்க்க, நான் கதவில் வார்னிஷ் வழிந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் இன்றைக்கும் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார். அந்த அளவுக்கு என் கண் மீது எனக்கு நம்பிக்கை.

போன வருஷக் கடைசியிலிருந்து உலகத்தில் வெளிச்சத்தின் தரம் குறைய ஆரம்பித்தது. நான் அப்படித்தான் நினைத்தேன். வீட்டு ஹாலில் டியூப் லைட் அழுது வடிந்தது. புதுசு போட்டேன், அதுவும் அழுதது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். பிறகு நான்காக்கினேன். என் மனைவி ஜோதிமணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஏங்க, இது வூடா, கிருஷ்ணகிரி டோல்கேட்டா?" என்று கேட்டாள். வெள்ளைச் சட்டை மஞ்சளடிக்கிறது, என்ன சோப்புத் தூள் போடுகிறாய் என்று நான் அவளைக் கேட்டேன்.

"சட்டை வெள்ளையாத்தான் இருக்குது. போயி கண்ணு டாக்டரைப் பாருங்க."

"கண்ணா? யாரோட கண்ணு?"

பீரோவைத் திறந்து, வருஷா வருஷம் கம்பெனியில் நடக்கும் கண் பரிசோதனைச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். இரண்டு கண்ணும் குறையில்லை என்று எழுதியிருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு என் மூஞ்சியையும் பார்த்தாள். சான்றிதழில் எழுதாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷமாக அங்கே அதே எழுத்து அட்டைதான் சுவரில் தொங்குகிறது. கடைசி வரியை நான் படிப்பதே இல்லை, ஒப்பிக்கிறேன். ஆரம்பத்தில் படித்தேன். எந்த வருஷத்திலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஜூன் முதல் வாரம், எங்களிடம் கம்பி வாங்கும் வண்டிக் கம்பெனி நாற்பது கம்பிகளைத் திருப்பி அனுப்பியது. நாற்பதிலும் கீறல், நாற்பதிலும் பச்சை 14. குவாலிட்டி மேனேஜர் பிரேம்குமார் என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். மரியாதை தெரிந்த பிள்ளை. ஒரு கம்பியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கீறல் தெரியுதாண்ணா?"

எனக்குப் பச்சை 14 மங்கலாகத் தெரிந்தது. பளபளப்பு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"தெரியுது சார். இதோ இருக்கே," என்று குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினேன்.

அவர் அந்த இடத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். தப்பு நடந்தால் 'ஏன்? ஏன்?' என்று ஐந்து முறை கேட்டு வேரைக் கண்டுபிடிக்கும் படிவம். எத்தனையோ பேருக்கு நான் நீட்டிய படிவம் அது. இந்தத் தடவை எனக்கே வந்தது.

ஏன் இந்தக் கம்பிகள் வெளியே போயின? பரிசோதகர் கண்ணில் கீறல் படவில்லை. ஏன் படவில்லை? ஒரு நொடிகூட யோசிக்காமல் 'மேஜையில் வெளிச்சம் போதவில்லை' என்று எழுதினேன். ஏன் போதவில்லை? 'விளக்குப் பராமரிப்பு சரியில்லை.' ஒரு டியூப் லைட்டைத்தானே குறை சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். அந்த லைட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்பது பேனாவை மூடிய பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும் நான் பேனாவைத் திறக்கவில்லை.

அந்த ஆள் முனிவேல். வேப்பனப்பள்ளிக்காரன், கான்ட்ராக்ட் எலெக்ட்ரிஷியன், பதினொரு வருஷமாக எங்கள் ஷெட்டில் இருக்கிறான். நாற்பத்துநாலு வயது. ஷெட்டுக்குள் என்னை 'சார்' என்பான், கேட்டைத் தாண்டினால் 'அண்ணா' என்பான். மாசா மாசம் என் மேஜை விளக்கைத் துடைத்து, வெளிச்சம் அளக்கும் மீட்டரைப் பிடித்துப் பார்த்து, அங்கேயே தொங்கும் ஒரு கார்டில் எழுதிவிட்டுப் போவான். ஆயிரம் இருந்தால் போதும், அவன் கார்டில் எப்போதும் ஆயிரத்து நூறுக்குக் குறைந்ததில்லை. பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரியிலிருந்து நான் போடவில்லை. "மங்கலா இருக்கற லைட்டுக்கு நான் எதுக்குய்யா கையெழுத்துப் போடணும்? உன் மீட்டரைக் கொண்டுபோய்க் காட்டு," என்று விரட்டுவேன். மீட்டரின் முதுகில், அதைச் சரிபார்த்த தேதி போட்ட ஸ்டிக்கர் இருந்தது. ஸ்டிக்கர் இல்லாத எந்தக் கருவியையும் நான் கையால் தொட மாட்டேன். ஸ்டிக்கர் இருந்தும் நம்பாமல் போனது அந்த ஒரு மீட்டரைத்தான்.

பிரேம்குமார் படிவத்தைப் படித்தார், கார்டை எடுத்துவரச் சொன்னார். ஐந்து மாதம் என் கையெழுத்து இல்லாமல் காலியாகக் கிடந்ததைப் பார்த்தார்.

"இப்பிடிப் பண்ணலாம்ண்ணா. சனிக்கிழமை நீங்களே கடைக்குப் போயி, உங்களுக்கு எந்த லைட்டு வேணுமோ பார்த்து வாங்கிட்டு வாங்க. இந்த ரிஜெக்ட் பீஸையும் எடுத்துட்டுப் போங்க. எந்த லைட்டுல கீறல் பளிச்சுனு தெரியுதோ, அதை வாங்குங்க. அப்பிடி ஒண்ணு கெடைச்சுட்டா தப்பு பழைய லைட்டு மேலதான். இந்த மாசக் கடைசியில முனிவேலோட கேட் பாஸ் முடியுது. புதுப்பிக்க வேணாம், வேற ஆளு அனுப்புங்கனு கான்ட்ராக்டருக்குத் திங்கக்கெழமை சொல்லிடறேன்."

நான் தலையை ஆட்டினேன். அதுவும் போதாதென்று, அளவு பார்த்துப் பொருத்த வேண்டும் என்று முனிவேலையே என்னோடு அனுப்பினார்கள். தன் வேலைக்கு உலை வைக்கப்போகும் லைட்டைத் தேட, அவன் தன் பைக்கிலேயே என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். என்னை ஏற்றும்முன் சீட்டைத் துணியால் துடைத்தான். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

முதல் கடை பாகலூர் ரோட்டில். போன வேகத்தில் பையிலிருந்து வெள்ளை உறையை எடுத்து மாட்டினேன். குரோமியத்தை வெறுங்கையால் தொடுவதில்லை என்பது என் கொள்கை. கவுன்டரில் இருந்தவர் ஏதோ ரெய்டு வந்துவிட்டது போல எழுந்து நின்றார். எல்.ஈ.டி. டியூப்பில் ஆரம்பித்தோம். அவர் ஒவ்வொன்றாக மாட்டி எரியவிட, நான் கம்பியை அதன் கீழே பிடித்துத் திருப்பினேன்.

"இது மஞ்சள் லைட்டு. வெள்ளை காட்டுங்க."

"இது வெள்ளைதான் சார். பாக்ஸ் பாருங்க, கூல் ஒயிட்டு."

"பாக்ஸுல என்ன வேணும்னாலும் அடிப்பாங்க. இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருக்கேன், எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

மூன்று மாட்டினார், நான்கு மாட்டினார். எதிலும் கீறல் தெரியவில்லை. ஐந்தாவதில் அவரே எட்டிப் பார்த்து, "எதைத் தேடறீங்க சார்? இந்தக் கோட்டையா?" என்றார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. லைட்டு விற்க வேண்டும் என்பதற்காக இல்லாத கோட்டையெல்லாம் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். "வாய்யா போலாம், இங்க எல்லாம் டூப்ளிகேட்டு," என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முனிவேல் அவர் மாட்டிய ஐந்து டியூப்பையும் கழற்றி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

இரண்டாவது, நேதாஜி ரோட்டில் பெரிய ஷோரூம். ஏ.சி. வைத்த கடை. கூரையெல்லாம் கொத்துக் கொத்தாகக் கண்ணாடி விளக்குகள். புது வீடு கட்டும் குடும்பம் ஒன்று சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கவிட விளக்குத் தேடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவே நான் உறை போட்ட கையில் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விளக்கு விளக்காகச் சுற்றினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கைக்கூட விடவில்லை. ஒவ்வொரு விளக்கையும் சுற்றி எனக்கு ஒரு வளையம் தெரிந்தது. கண்ணாடி மட்டமான சரக்கு, அதனால்தான் வளையம் வருகிறது என்று விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் விளக்கினேன்.

"வளையமா சார்?" என்று அந்தப் பெண் முனிவேலைப் பார்த்தாள். முனிவேல் கூரையைப் பார்த்தான்.

அந்தக் குடும்பத்தலைவி, பாவம், என்னைப் பெரிய நிபுணர் என்று நினைத்துவிட்டார். "எங்களுக்கு எது நல்லதுன்னு சொல்லுங்கண்ணா," என்று கேட்டார். எதுவுமே நல்லதில்லை, எல்லாமே மங்கல் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வாங்காமல் போய்விட்டார்கள். ஷோரூம்காரர் எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். மரியாதைக்காக அல்ல, போய்விட்டோமா என்று பார்ப்பதற்காக.

வெளியே வெயிலில் நின்று யோசித்தேன். மூளை என்று ஒன்று எனக்கு இருப்பது அன்றைக்கு வேலை செய்த விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தப்பு லைட்டில் இல்லை, கரண்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

"முனிவேலு, வண்டிய அத்திப்பள்ளிக்கு விடு. கர்நாடகா கரண்டுல பார்த்தாத்தான் சரியா தெரியும். இங்க வோல்டேஜு கம்மி."

எலெக்ட்ரிஷியனிடம் போய்ச் சொல்கிறேன் இதை! எல்.ஈ.டி.க்கும் வோல்டேஜுக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை என்று அவனுக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒரு நல்ல லைட்டு கெடைச்சிட்டா நான் வூட்டுக்குப் போவணும், அதானே?"

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் ஆவாதுய்யா. நான் பேசறேன்."

"செரிங்ணா. ஏறுங்க."

நான் யாரிடமும் பேசப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஜூஜூவாடி தாண்டி, எல்லை தாண்டிக் கர்நாடகாவுக்குள் போனோம்.

அத்திப்பள்ளியில் சந்துக்குள் ஒரு சின்னக் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் முதலில் கன்னடத்தில் கேட்டார், என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். முனிவேலின் பேச்சைக் கேட்டதும் தெலுங்குக்குத் தாவினார். பெயர் சரிதா, பிறந்த வீடு வேப்பனப்பள்ளி பக்கம்தானாம். இரண்டு பேரும் ஊர்க்கதை பேச, நான் நடுவில் புகுந்து, "அம்மா, உங்க கடையில இருக்கறதுலயே பவரான லைட்டு எது?" என்றேன்.

மைதானத்தில் கட்டும் ஃப்ளட் லைட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இது கபடி மேட்சுக்கு வாங்கிட்டுப் போறதுங்க. உங்க மேஜைக்கு ஆவாதுங்களே."

"போடுங்க, பார்க்கலாம்."

போட்டார். சந்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கம்பியை நீட்டினேன். கம்பி முழுக்க வெள்ளையாக வெடித்தது, பச்சை 14கூட மறைந்துபோனது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஆங், இது பரவால்ல, ஆனா இன்னும் கொஞ்சம்..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது.

கடை முழுக்க அணைந்தது. விசிறி நின்றது. நூறு விளக்கு தொங்கும் கடையில் ஒன்றுகூட எரியவில்லை. உயர்ந்த ரகம் என்று நான் எல்லை தாண்டி வந்த கரண்டின் லட்சணம் அது. வாசல் வழியாக வந்த பகல் வெளிச்சம் மட்டும் கல்லா வரைக்கும் மங்கலாக விழுந்தது.

"அரை மணி ஆவும். அப்பிடி உக்காருங்க," என்ற சரிதா, சும்மா இருக்கமாட்டாமல் மேஜையில் கிடந்த கம்பியை எடுத்தார். வெறுங்கையால்! நான் "அய்யோ, தொடாதீங்க" என்பதற்குள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"இது கீறல் வுழுந்த பீஸு தானே? இதுக்கா இத்தன லைட்டு பாக்கறீங்க?"

"எங்க இருக்குது கீறல்?" என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"இதோ, பச்சையில பதினாலுனு போட்டிருக்குதில்ல? அது மேலயே ஓடுதே. இம்மாம் பெரிசு." அவர் விரல் நுனியை வைத்துக் காட்டிய நீளம், ஒரு அரிசிக்கு மேலேயே இருந்தது.

நான் கம்பியை வாங்கி வாசலுக்குப் போனேன். திருப்பினேன், சாய்த்தேன், கிட்டே கொண்டுபோனேன். பச்சை தெரிந்தது. அவ்வளவுதான். உறையைக் கழற்றினேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வெறும் கட்டைவிரல் நகத்தை வைத்து 14 மேல் இழுத்தேன். நகம் டக்கென்று தட்டியது. மறுபடி இழுத்தேன், மறுபடி தட்டியது.

கீறலைத் தேடி அலைந்த மனுஷன், அந்தக் கீறலின் மேலேயே 'நல்ல பீஸ்' என்று முத்திரை குத்தியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. ஃப்ளட் லைட்டால் வந்த தண்ணீர் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றால், அதுவும் அணைந்து கிடந்தது.

முனிவேல் வாசற்படியில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"உனக்கு எப்பய்யா தெரியும்?" என்றேன்.

அவன் கம்பியை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். பிறகு, "பொங்கலுக்கு முந்தியே தெரியுங்ணா," என்றான். "லைட்டு மங்கலுன்னீங்க, புது டியூப்பு போட்டேன். மறுவாரமே மங்கலுன்னீங்க, திரும்பவும் புதுசு போட்டேன். மூணாவது தடவ நீங்க மங்கலுன்னப்ப நான் ஏணிய மட்டும் வெச்சு ஏறி எறங்கினேன், டியூப்ப மாத்தவே இல்ல. இப்ப கொஞ்சம் பரவால்லனு சொன்னீங்க."

அட கடவுளே! எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. 'பார்த்தியா, சொன்னாத்தான் செய்வீங்க' என்று அன்றைக்கு அவனிடம் பெருமையடித்துக்கொண்டதும் ஞாபகம் இருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேய்யா. எத்தன மாசம் ஆச்சு!"

"எப்பிடிங்ணா சொல்றது? நான் கான்ட்ராக்ட். நீங்க பர்மனென்டு. உங்க கண்ணு சரியில்லன்னு நான் சொன்னா, என் தப்ப மறைக்கச் சொல்றேன்னு தானே எல்லாரும் சொல்லுவாங்க? நீங்களே மொதல்ல சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன். சந்தேகமே இல்லை. பத்துப் பேருக்கு நடுவில் வைத்துச் சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. நூறு விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன, நூறைச் சுற்றியும் வளையம் வளையமாக. சரிதா உள்ளே இருந்து, "எதைப் பேக் பண்ணட்டுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்மா. லைட்டு எங்கிட்ட நல்லாத்தான் இருக்குது," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜோதிமணியிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் எழுந்துபோய் ஹாலில் இருந்த நான்கு டியூப்பில் மூன்றை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இத்தன மாசம் கண்ணு எரிஞ்சது எனக்குங்க," என்றாள். பிறகுதான் திட்டினாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே பிரேம்குமார் அறைக்குப் போனேன். கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஸ்டூல் போகும், முத்திரை போகும். ரிட்டையர் ஆகும்வரை பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்லலாம். ராத்திரி முழுக்க இதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஆனால் சீட்டைத் துடைத்துவிட்டு என்னை ஏற்றிய ஆள் மனதைவிட்டுப் போகவில்லை.

"லைட்டு வாங்கிட்டீங்களாண்ணா?"

"இல்ல சார். அந்தப் படிவத்தைக் கொஞ்சம் குடுங்க. வேரைத் தப்பா எழுதிட்டேன்."

'மேஜையில் வெளிச்சம் போதவில்லை' என்பதை அடித்தேன். அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அது விதி. அதற்குக் கீழே 'பரிசோதகருக்குக் கண் தெரியவில்லை' என்று எழுதினேன். ஏன் தெரியவில்லை என்று அடுத்த கட்டம் கேட்டது. 'பரிசோதகர் தன் கண்ணைச் சரிபார்த்துக்கொள்ளவில்லை.' ஏன்? 'திமிர்' என்று எழுதினேன்.

பிரேம்குமார் படித்துவிட்டுச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "அண்ணா, முனிவேலு மேல பாவப்பட்டு இப்பிடி எழுதறீங்களா? வருஷா வருஷம் கண்ணு டெஸ்ட்டுல நீங்கதானே ஃபர்ஸ்ட்டு? ரிப்போர்ட்டு இருக்குதே."

அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் சான்றிதழே எனக்கு எதிரியாகிவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனேன். சுவரில் அந்த அட்டை தொங்கியது. நான் அதற்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"சார், நீங்க அட்டையப் பாருங்க," என்றேன். மேலிருந்து கீழே, ஓர் எழுத்து விடாமல், கடைசிப் பொடி வரிவரை கடகடவென்று ஒப்பித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். பிரேம்குமார் அட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"எத்தன வருஷமாண்ணா?"

"தெரியாது சார்."

அன்றைக்கே முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். முனிவேலின் கேட் பாஸைப் புதுப்பித்தார்கள். என் கண் அட்டைக்குப் பதிலாக வேறு அட்டையும் வந்தது. வரி மாறி மாறி வரும் அட்டை, என் புண்ணியத்தில் இனி ஒருவரும் ஒப்பிக்க முடியாது. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "இத்தனை நாள் எப்படி வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாற்பது கம்பிகள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன. ஜூலையில் ஒரு கண், இரண்டு வாரம் விட்டு இன்னொரு கண். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தபோது என் சட்டைகளெல்லாம் சுண்ணாம்பு வெள்ளையில் கொடியில் தொங்கின. ஜோதிமணியின் சோப்புத் தூளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் புது அட்டையைப் படித்துத் தேறி மறுபடியும் என் மேஜைக்கு வந்தேன். பிரேம்குமார் முதல் வேலையாக அந்த நாற்பது கம்பிகளையும் கொண்டுவந்து வைத்தார். "மறுபடி ஒரு தடவ பாருங்கண்ணா," என்றார். அதே மேஜை, அதே டியூப் லைட். பார்த்தேன். கீறலா அது? வாய்க்கால். சிலதில் இரண்டு இருந்தது. நாற்பதையும் சிவப்புத் தொட்டியில் போட்டேன். ஒவ்வொன்று விழுந்தபோதும் பக்கத்தில் லேத் ஓட்டுபவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவமானமாகத்தான் இருந்தது.

நான் முடிக்கும்போது முனிவேல் ஏணியோடு வந்தான். அன்றைக்கு விளக்கு அளக்கும் நாள். ஏறி, துடைத்து, இறங்கி, மேஜைமேல் மீட்டரை வைத்தான்.

"லைட்டு பத்துதுங்களா சார்? இல்ல சும்மா ஏறி எறங்கணுங்களா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது, எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

"பத்துதுய்யா. கண்ணே கூசுது," என்றேன். "அந்தக் கார்டைக் குடு."

எடுத்துக் கொடுத்தான். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன். ஐந்து வரியிலும் அவன் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. எண்களும் ஒழுங்காக இருந்தன: 1100, 1120, 1110, 1100, 1130. என் இடம் மட்டும் காலி, ஜூலைக்கு என் ஸ்டூலில் இருந்தவர் போட்டுவிட்டிருந்தார். பழைய தேதி போட்டுக் கையெழுத்திடுவது எங்கள் கம்பெனியில் குற்றம். அதனால் அன்றைய தேதியையே ஐந்து வரியிலும் எழுதி, ஐந்திலும் கையெழுத்துப் போட்டேன். முனிவேல் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பனியன் துணியால் ஒரு தடவை துடைத்து, அதே ஆணியில் மாட்டினான்.